12 வருடம் நின்ற 216: பேட்டரி மாட்டுவதற்கு முன்னால்

கேள்வி: 1951 மாடல் ஷெவர்லே 3100 பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆறு சிலிண்டர், 216 (கன அங்குல) எஞ்சின். ஷெட்டில் 12 வருடமாக நின்ற வண்டி. "நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரி போட்டால் கிளம்பிவிடும்" என்கிறார் விற்றவர். போட்டுப் பார்க்கலாமா? ஓடின காலத்திலேயே ஆயில் பிரஷர் முள் பாதியைத் தாண்டாது என்றும் அவரே சொன்னார். அதைக் கேட்ட மெக்கானிக் ஒருவர், எஞ்சினை முழுசாகப் பிரித்துவிட வேண்டியதுதான் என்கிறார். 6 வோல்ட்டை 12 ஆக மாற்றிவிடு என்பது இன்னொருவர் யோசனை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: ஆயில் சம்ப்பிலிருந்து, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டிலிருந்து. பேட்டரி கடைசி.

முதலில் மெக்கானிக் சொன்னதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில்தான் உங்கள் பணம் அநியாயமாகப் போகப் பார்க்கிறது. 216 எஞ்சின், இன்றைய எஞ்சின்களைப் போல எல்லா பேரிங்குக்கும் பிரஷரில் ஆயில் அனுப்புகிற எஞ்சின் அல்ல. மெயின் பேரிங்குக்கும் கேம் ஷாஃப்ட் பேரிங்குக்கும் பம்ப்பிலிருந்து ஆயில் நேராகப் போகும். கனெக்டிங் ராடுகளுக்கு அப்படிப் போகாது. ஒவ்வொரு ராடின் அடிமூடியிலும் டிப்பர் என்ற சின்னக் கரண்டி இருக்கிறது. சம்ப்புக்குள் அதற்கு நேர் கீழே ஆயில் நிற்கிற தொட்டி. மெதுவாக ஓடும்போது கரண்டி தொட்டியில் முங்கி ஆயிலை அள்ளி மேலே பேரிங்குக்கு ஏற்றுகிறது. வேகம் கூடினால், சம்ப்பின் பக்கவாட்டில் இருக்கும் நாசில்களிலிருந்து ஆயில் பீய்ச்சி அடித்து, சுற்றி வரும் கரண்டியின் வாயில் விழுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு 50, 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) பிரஷர் தேவையே இல்லை. டேஷ்போர்டில் உள்ள மீட்டரே 30-ல் முடிகிறது, பாருங்கள். சூடான எஞ்சின் சாலை வேகத்தில் ஓடும்போது 14 பிஎஸ்ஐ பக்கம் நிற்பதும், ஐட்லிங்கில் முள் மிகக் கீழே இறங்கிவிடுவதும் இந்த எஞ்சினின் இயல்பு. "பாதியைத் தாண்டாது" என்று விற்றவர் சொன்னது குறை அல்ல, நல்ல செய்தி.

மாறாக, முள் 30-ல் போய் முட்டிக்கொண்டு நிற்பதாக அவர் சொல்லியிருந்தால் வேறு சந்தேகம் வந்திருக்கும். இந்த வண்டிகள் பலவற்றில் 216-ஐ எடுத்துவிட்டு, 1954-க்குப் பிந்தைய முழு பிரஷர் 235 எஞ்சினை இறக்கியிருப்பார்கள். இரண்டும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. ராக்கர் கவரின் உச்சியில் இரண்டு நட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழைய வகை, அடி ஓரத்தில் நான்கு ஸ்க்ரூ இருந்தால் பெரும்பாலும் பிந்தைய 235. பிளாக்கில் வார்த்திருக்கும் காஸ்டிங் எண்ணை மேனுவலோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே சொல்லும் டிப்பர், தொட்டி சமாச்சாரமெல்லாம் 216-க்கு மட்டும்.

இனி ஆயில். டிரெயின் பிளக்கை ஒரேயடியாகக் கழற்றாமல் கடைசி இரண்டு சுற்றை விரலால் மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், ஆகவே சம்ப்பில் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் கசியும். நாலைந்து சொட்டு வந்தால் பயம் வேண்டாம், 12 வருட ஈரம் உள்ளே படிந்தது. ஒரு டம்ளர் அளவு வந்தாலோ, ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ ஹெட் கேஸ்கட்டையோ விரிசலையோ சந்தேகிக்க வேண்டும். மோந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. ஆயில் நீர்த்துப்போன அந்த நிலையில் ஓட்டினால் முதலில் போவது ராட் பேரிங்.

வடித்ததோடு நிறுத்தாமல் சம்ப்பையும் இறக்கிவிடுங்கள். வேறு எஞ்சினாக இருந்தால் இதை வற்புறுத்த மாட்டேன். இதில் கட்டாயம். காரணம், 70 வருட வண்டல் போய் உட்காருகிற இடமே அந்தத் தொட்டிகள்தான். கரண்டி முங்க வேண்டிய இடத்தில் தார் மாதிரி கெட்டியாக ஒன்று உறைந்திருந்தால், மீட்டரில் பிரஷர் சரியாகக் காட்டிக்கொண்டே ராட் பேரிங் வறண்டு சாகும். பழைய வண்டியில் டிடர்ஜென்ட் ஆயில் (அழுக்கைக் கரைத்து எடுக்கும் ஆயில்) ஊற்றாதே என்ற எச்சரிக்கையும் இதிலிருந்து வந்ததுதான். ஊற்றினால் பழைய வண்டல் பெயர்ந்து போய் ஆயில் வழிகளை அடைக்கும். சம்ப்பைக் கழுவிவிட்டால் அந்தப் பயம் பெருமளவு தீர்ந்தது, இன்றைய ஆயிலைத் தாராளமாக ஊற்றலாம்.

ஃப்ளைவீலுக்குக் கீழுள்ள தகட்டு மூடியைக் கழற்றினால் சம்ப்பை வண்டியில் வைத்தபடியே இறக்கலாம். தொட்டிகளையும், பம்ப் உறிஞ்சும் வலைச் சல்லடையையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். நாசில்களைச் சுரண்டாதீர்கள், வளைக்காதீர்கள். அதன் குறி கரண்டியின் வாய்க்கு நேராக இருக்க வேண்டும் என்பதற்காக, தண்ணீரைப் பீய்ச்சிச் சரிபார்க்கும் அளவுகோல் ஒன்றையே அந்தக் காலத்தில் வைத்திருந்தார்கள். மெல்லிய செம்புக் கம்பியை நுழைத்து அடைப்பை எடுத்து, காற்று ஊதினால் போதும்.

கழுவுவதற்கு முன்னால் ஒன்று. சம்ப்பின் அடியில் இருக்கிற சேற்றைக் கொஞ்சம் விரலில் எடுத்து வெள்ளைத் துணியில் தேயுங்கள். சாம்பல் வெள்ளி நிறத்தில் மீன் செதில் மாதிரி மினுங்கும் துகள்கள் தெரிந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, அது வேறு விசாரணை. ஒட்டாமல், நகத்தால் கீறினால் கோடு விழுந்தால் அது ஒயிட் மெட்டல் என்ற மென்மையான பேரிங் உலோகம். இந்த எஞ்சினின் ராடுகளில் கழற்றி மாட்டுகிற பேரிங் ஷெல் கிடையாது. ஒயிட் மெட்டலை உருக்கி ராடிலேயே வார்த்திருக்கிறார்கள். செதில் கிடந்தால் ஏதோ ஒரு ராட் உரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எது என்று தெரியும்வரை எஞ்சினைக் கிளப்பக்கூடாது.

செதில் இல்லாவிட்டாலும், சம்ப் திறந்திருக்கும்போதே ஒவ்வொரு ராடையும் கையால் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது சகஜம். மேல் கீழாக, "டிக்" என்று கையில் தட்டுப்பட்டால் அதிகம் தேய்ந்திருக்கிறது. அடிமூடிக்கும் ராடுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். ஒயிட் மெட்டலில் விரிசலோ உரிதலோ இல்லாமல் வெறும் தேய்மானமாக இருந்தால், இரண்டு பக்கமும் சமமாக ஷிம் குறைத்து இறுக்கலாம். இடைவெளியை பிளாஸ்டிகேஜ் நூல் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் நூல்) வைத்து அளந்து, மேனுவல் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கழற்றிய மூடி அதே ராடில், அதே திசையில்தான் திரும்பப் போக வேண்டும். திருப்பி மாட்டினால் கரண்டியின் வாய் எதிர்ப்பக்கம் பார்க்கும், ஆயில் ஏறாது.

அடுத்தது எஞ்சினைக் கையால் சுற்றுவது. ஆறு பிளக்கையும் கழற்றி வரிசையாக அடுக்கி வையுங்கள். எந்தச் சிலிண்டர் பிளக் எது என்பது பிறகு தேவைப்படும். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு சமதளத்தில் டாப் கியரில் போட்டு, கிளட்சை மிதிக்காமல், வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஃபேன் அசைகிறதா? அசைந்தால் ஜாம் இல்லை. அசையாவிட்டால் வேறு வண்டியைக் கட்டி இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம். பிஸ்டன் மோதிரம் (ரிங்) துருவில் ஒட்டியிருக்கும், பலவந்தமாக இழுத்தால் பிஸ்டன் உடையும். ஆட்டோமேடிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி (நெருப்பு பத்திரம், காற்றோட்டம் வேண்டும்) ஒரு வாரம், தேவைப்பட்டால் இரண்டு வாரம் தினமும் சிறிது சேர்த்துக்கொண்டு பொறுமையாக ஆட்டுங்கள். ஒரு நூலளவு அசைந்துவிட்டால் மீதி தானாக வரும்.

சுற்ற ஆரம்பித்ததும் ராக்கர் கவரைக் கழற்றுங்கள். ஒருவர் வண்டியை மெதுவாகத் தள்ள, இன்னொருவர் 12 வால்வையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் இறங்கி, ஸ்பிரிங் வேகத்திலேயே ஏற வேண்டும். ஏதாவது ஒன்று கீழேயே தங்கி, அதன் ராக்கர் ஆர்ம் லொடலொடவென்று தளர்ந்தால் வால்வு கைடில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் செல்ஃப் போட்டவர்கள் புஷ் ராடை வளைத்துக்கொள்கிறார்கள். ஒட்டிய வால்வின் தண்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நைலான் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கி ஏற்றினால் விடும். ராக்கர் ஷாஃப்டுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயையும் இப்போதே ஊதிப் பாருங்கள். இந்த எஞ்சினில் அது அடைபடுவது சர்வசாதாரணம்.

சம்ப்பைப் புது கார்க் கேஸ்கட்டோடு மாட்டுங்கள். போல்ட்டுகளைப் பிழிய வேண்டாம். கார்க் பிதுங்கி வெளியே வந்தால் அங்கேதான் கசியும். எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30 ஆயில், சுமார் 4.7 லிட்டர், இறுதி முடிவு டிப்ஸ்டிக்கினுடையது. ஜிங்க் கூடுதலாக உள்ள ஆயில்தான் வேண்டும் என்று சிலர் ஒற்றைக்காலில் நிற்பார்கள். இந்த எஞ்சினின் வால்வு ஸ்பிரிங் மென்மையானது, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது பேட்டரிக்கு வரலாம். 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். அதே காலத்து ஃபோர்டுகளில் பாசிட்டிவ் எர்த், அந்த வண்டிக்காகச் சொன்ன அறிவுரையை இதில் போட்டால் தலைகீழாகிவிடும். 12-க்கு மாற்றலாமா என்றால், வேண்டாம். "6 வோல்ட் சரியாகச் சுற்றாது" என்ற புகாரில் பெரும்பகுதி கேபிளின் குற்றம். பாதி வோல்ட்டில் அதே வேலையைச் செய்ய இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். கடையில் கிடைக்கிற 12 வோல்ட் கேபிளைப் போட்டிருப்பார்கள், அது இதற்கு நூல் மாதிரி. 50 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளாகப் போடுங்கள். எர்த் கேபிள் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னல் எர்த் பட்டையும் இருக்க வேண்டும். செல்ஃப் ஓடும்போது, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டார் முனைக்கும் நடுவே வோல்ட் மீட்டர் வைத்தால் 0.3-க்கு மேல் காட்டக்கூடாது. நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவிலும் அப்படியே. பக்கத்து வண்டியின் 12 வோல்ட்டைக் கடன் வாங்கிக் கிளப்புவதும் வேண்டாம். பல்புகள் ஒரே நொடியில் போகும், இக்னிஷன் காயிலும் பாயின்ட்டும் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள்) தாங்காது.

உங்கள் வண்டியில் செல்ஃப் காலால் மிதிப்பது. இது இப்போது ஒரு வசதி. சாவி போடாமலே எஞ்சினைச் சுற்றலாம். பிளக்குகள் வெளியே இருக்கட்டும், 10 நொடி மிதி, அரை நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்தாறு தடவை. ஆயில் முள் லேசாக எழும்ப வேண்டும். எழவில்லையா, உடனே பம்ப்பைக் குறை சொல்லாதீர்கள். மீட்டருக்குப் போகிற சன்னக் குழாயை பிளாக் பக்கம் கழற்றிவிட்டு, கீழே துணி பிடித்து மறுபடி மிதியுங்கள். அங்கே ஆயில் துளிர்த்தால் பிரஷர் இருக்கிறது, குழாய்தான் அடைத்திருக்கிறது.

அதே மூச்சில் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். த்ராட்டிலை முழுதும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு சுற்று. 100-லிருந்து 115 பிஎஸ்ஐ வரை இருந்தால் நல்ல நிலை. 85 ஆக இருந்தாலும் ஆறும் ஒன்றுபோல் இருந்தால் ஓடும், ஓட ஓட மோதிரம் இளகிக் கொஞ்சம் ஏறும். ஒன்று மட்டும் 40-ல் நின்றால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் மோதிரம், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து கீழே இருந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. பிரிப்பதா வேண்டாமா என்பதை இந்த ஆறு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பெட்ரோல். உங்கள் மாடலில் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே டேங்க்கின் ஓட்டையோ, மூடிக் குழாயின் ரப்பர் வெடிப்போ வெறும் கசிவாக முடியாது. கதவை மூடிக்கொண்டு ஆவியோடு உட்கார்ந்திருப்பீர்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், முழுதும் வடித்துவிடுங்கள். டேங்க்கைச் சுத்தம் செய்வது நிதானமான வேலை. முதல் கிளப்பலுக்கு அதை இணைக்கவே வேண்டாம். 5 லிட்டர் கேனில் புதுப் பெட்ரோல், புது ரப்பர் ஹோஸ், நேராகப் பம்ப்புக்கு. கேன் பம்ப்புக்குக் கீழே, எஞ்சினுக்குத் தள்ளி, தரையில் நிற்கட்டும். பாட்டிலை மேலே தொங்கவிட்டு கார்புரேட்டருக்கு இறக்குகிறவர்கள் உண்டு. ஹோஸ் நழுவினால் கீழே இருப்பது சுடுகிற எக்ஸாஸ்ட். பம்ப்பின் டயஃப்ரம் எத்தனாலைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். பழைய ரப்பர் இன்றைய பெட்ரோலில் ஊறிக் கிழியும், கிழிந்தால் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தோம். எலெக்ட்ரிக் பம்ப் போடுவதானால் 4 பிஎஸ்ஐ-யைத் தாண்டாததாகப் பாருங்கள், தாண்டினால் ஃப்ளோட் வால்வு பிடிக்காமல் கார்புரேட்டர் வழியும்.

கார்புரேட்டர் ரோச்செஸ்டர் பி வகையாக இருக்க வேண்டும். பிரித்துக் கழுவாமல் ஓட்ட முயல வேண்டாம், 12 வருடத்தில் ஜெட்டுகள் பச்சைப் பாசி பிடித்திருக்கும். இதில் தனியாகக் கவனிக்க வேண்டியவை: ஆக்சிலரேட்டர் பம்ப்பின் தோல் காய்ந்து சுருங்கியிருக்கும், புதியதை ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். மேல்மூடி அதிகம் இறுக்கப்பட்டு வளைந்திருக்கும். கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் கண்ணாடியில் எமரித் தாள் வைத்துத் தேய்த்துச் சமமாக்கலாம். வாக்குவத்தில் இயங்கும் பவர் பிஸ்டன் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். மேலே சிக்கிக்கொண்டாலும் கீழே சிக்கிக்கொண்டாலும் பெட்ரோல், காற்றுக் கலவை கெடும், நீங்கள் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகித் திருகி அலுத்துப்போவீர்கள்.

இக்னிஷன் பகுதி எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கரிக்கோடு, ரோட்டாரில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் (bush) தேய்ந்திருக்கிறது, பாயின்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், எவ்வளவு செட் செய்தாலும் நிற்காது. புது பாயின்ட்டின் முகத்தில் துருத்தடுப்பு எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். வெள்ளை அட்டையை நடுவே விட்டு இழுங்கள், சாம்பல் கோடு வராமல் ஆகும்வரை. இடைவெளியை 0.018 அங்குலத்தில், அதாவது 0.45 மில்லிமீட்டரில் ஆரம்பியுங்கள். கேமில் ஒரு கடுகளவு கிரீஸ் வைக்காவிட்டால் பாயின்ட்டின் தேய்கிற கட்டை சீக்கிரம் கரைந்து இடைவெளி குறையும். பிளக் இடைவெளி 0.035 அங்குலம். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4, ரேடியேட்டர் பக்கம் ஒன்றாம் நம்பர்.

டைமிங் குறி ஃப்ளைவீலில் இருக்கிறது. பெல் ஹவுசிங் பக்கவாட்டு ஜன்னலில் டார்ச் அடித்து, பதித்திருக்கும் சின்ன இரும்புக் குண்டைத் தேடுங்கள். அது டாப் சென்டருக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு) 5 டிகிரி முன். துரு மூடியிருக்கும், துடைத்து வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வையுங்கள். ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் ஏறுகிறதா என்பதற்கு பிளக் ஓட்டையில் விரல் வைத்தால் தெரியும். குண்டும் ஜன்னல் முள்ளும் நேராகும்போது பாயின்ட் பிரியத் தொடங்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில், டைமிங்கைச் சற்று முன்பின் நகர்த்த உள்ள ஆக்டேன் அளவுகோல் பூஜ்யத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் பக்கம் பெரிய வேலை இல்லை. ரேடியேட்டர் குழாயோடு பிளாக்கின் பக்கவாட்டுக் குழாயையும் திறங்கள், அடைத்திருந்தால் கம்பியால் குத்தி, வண்டல் நிற்கும்வரை அலசுங்கள். ரேடியேட்டர் மூடி விஷயத்தில் மட்டும் கவனம்: இன்றைய காரின் 13, 15 பிஎஸ்ஐ மூடி வாயில் பொருந்திவிடும், பழைய பித்தளை ரேடியேட்டரின் தையல் பிளந்துவிடும். கழுத்துவரை ரொப்பவும் வேண்டாம். இரண்டு விரல்கடை இடம் விட்டால்தான் சூட்டில் விரிகிற தண்ணீர் வெளியே வழியாது.

கிளப்புகிற நாளில் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில், வண்டி வெளியில், சக்கரத்துக்கு அண்டைக் கல், கியர் நியூட்ரலில். பிரேக்கைச் சரிபார்க்காத வண்டி இது என்பதை மறந்துவிடாதீர்கள். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றாதீர்கள், பின்னால் அடித்தால் புருவம் போகும். பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணம் நிறையும்வரை சாவி போடாமல் மிதித்து, பிறகு சோக் இழுத்து, சாவி போட்டு மிதியுங்கள். பிடித்ததும் வேகமாக ரேஸ் கொடுக்காமல் 1000 சுற்று அளவில் வையுங்கள். 15 நொடிக்குள் ஆயில் முள் எழ வேண்டும், இல்லையென்றால் அணையுங்கள். முதல் பத்து நிமிடம் புகை கண்ணை மறைக்கும், நீங்கள் ஊற்றிய ஆயில்தான் எரிகிறது.

ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டு, ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிந்து சொட்டுகிறதா பாருங்கள். நன்றாகச் சூடானபின், மெதுவான ஐட்லிங்கிலேயே டேப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே) வையுங்கள்: இன்டேக் 0.006 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.013. முன்னாலிருந்து வால்வு வரிசை எக்ஸாஸ்ட், இன்டேக், இன்டேக், எக்ஸாஸ்ட், பிறகு அதே நான்கு மறுபடி மறுபடி. "டிக் டிக்" சத்தம் பிடிக்காமல் இறுக்கிவிடுகிறவர்கள் எக்ஸாஸ்ட் வால்வை எரித்துக்கொள்கிறார்கள். இந்த எஞ்சின் கொஞ்சம் தட்டித்தான் பேசும். எக்ஸாஸ்ட் இடைவெளி அடிக்கடி தானாகக் குறைந்தால், ஈயமில்லாத பெட்ரோலில் வால்வு சீட் உள்ளே இறங்குகிறது என்று பொருள். மெதுவாக ஓட்டுகிற வண்டியில் அது அபூர்வம், ஆனாலும் அளவுகளைக் குறித்து வையுங்கள்.

பிறகு இன்டேக் மேனிஃபோல்டில் வாக்குவம் கேஜ் (காற்று உறிஞ்சும் அளவைக் காட்டும் மீட்டர்). 17-லிருந்து 20 அங்குலத்தில் முள் அசையாமல் நின்றால் ஐட்லிங் ஸ்க்ரூவைச் சரிசெய்து முடித்துவிடலாம். 14-ல் அசையாமல் நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கும், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. மேனிஃபோல்டு கேஸ்கட்டுக்குப் போவதற்கு முன், வைப்பருக்குப் போகிற வாக்குவம் ஹோஸைக் கிள்ளிப் பாருங்கள். இந்த வண்டியில் வைப்பரும் வாக்குவத்தில் ஓடுவது, வெடித்த ஹோஸ்தான் பல நேரம் குற்றவாளி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உள்ள ஹீட் கண்ட்ரோல் தகடு திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். சூடு ஏற்றும் நிலையில் துருப்பிடித்து நின்றால் கார்புரேட்டர் கொதிக்கும், சூடான வண்டி அணைந்தால் மறுபடி கிளம்பாது.

டைனமோ சார்ஜ் காட்டாவிட்டால், ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் ஒரே ஒரு கணம் தொட்டு எடுங்கள், சின்னப் பொறி வரும். வருடக்கணக்கில் நின்ற டைனமோ தன் காந்தத்தன்மையை மறந்திருக்கும், இது அதை நினைவுபடுத்துவது.

இனி கேட்க வேண்டியது ஒரே ஒரு சத்தம். சூடான எஞ்சினை 1500 சுற்று வரை ஏற்றி, ஆக்சிலரேட்டரை மெல்ல விடுகிற அந்தக் கணத்தில் "டொக் டொக்" என்று அடிவயிற்றிலிருந்து வந்தால் அது ராட். பிடி இன்சுலேட்டாக உள்ள ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பிளக்கையும் முறை வைத்து எர்த் செய்யுங்கள். எந்தச் சிலிண்டரை அணைத்ததும் சத்தம் அமுங்குகிறதோ அந்த ராட். அந்த ஒன்றுக்காக மறுபடி சம்ப்பை இறக்கி ஷிம் பார்த்தால் போதும், எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. சத்தத்தோடு ஓட்டினால் ஒயிட் மெட்டல் பொடிந்து கிராங்க்கைக் கீறும், அப்போது மெக்கானிக் சொன்ன செலவு நிஜமாகவே வந்து நிற்கும்.

முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை மாற்றுங்கள், அடுத்தது 500 கிலோமீட்டரில். பின் ஆக்சில் 4.11 விகிதமாக இருந்தால் எஞ்சின் எப்போதும் அதிகச் சுற்றிலேயே ஓடும், ஆகவே மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டுங்கள். கம்ப்ரஷன் எண்கள் ஆறையும் சம்ப்பில் கண்டதையும் எழுதி அனுப்பினால் அடுத்ததைப் பார்க்கலாம்.